மதியச் சோற்றுக்கு யார் டெஸ்ட் எடுக்கிறார்கள்?

காலையில் வெறும் வயிற்றில் 110 வந்துவிட்டால் போதும், "எனக்கு சுகர் கண்ட்ரோல்ல இருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிடுகிறோம். ராத்திரி முழுக்க எதுவும் சாப்பிடாத உடம்பு காட்டுகிற எண் அது. மீதிப் பகலில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. டைப் 2 சர்க்கரையில் பலருக்கு முதலில் எகிறுவதே சாப்பிட்ட பிறகு வருகிற அளவுதான். சோறு உள்ளே போனதும் சட்டென்று வர வேண்டிய இன்சுலின் தாமதமாக வருகிறது, அதற்குள் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது. வெறும் வயிற்று எண் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான்.

சரி, "சாப்பிட்ட பிறகும் எடுக்கிறோமே" என்பீர்கள். எப்படி எடுக்கிறோம்? காலையில் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, பக்கத்து ஓட்டலில் இரண்டு இட்லி, சட்னியைக்கூடப் பயந்து பயந்து தொட்டுக்கொண்டு, சர்க்கரை இல்லாத காபி. அப்புறம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பது. முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. 150 வருகிறது, சந்தோஷம். ஆனால் நாம் வீட்டில் தினமும் சாப்பிடுவது அந்த இரண்டு இட்லியா? குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று தட்டில் விழுகிற மதியச் சோறு இருக்கிறதே, அது வருஷக்கணக்கில் ஒரு டெஸ்ட்டுக்கும் சிக்காமல் தப்பித்துக்கொண்டே இருக்கிறது. என் ஆதங்கமெல்லாம் இதுதான்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் மதியத்துக்கு எடுங்கள், ஜோடியாக எடுங்கள். சாப்பிட உட்காரும் முன் ஒன்று, முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒன்று. கை கழுவிய நேரத்திலிருந்து கணக்குப் போடக் கூடாது. பேசிக்கொண்டே முக்கால் மணி நேரம் சாப்பிடுகிற வீடுகளில் இது பெரிய வித்தியாசம். வழக்கமான மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிட்டே எடுக்க வேண்டும். பொதுவாக 180க்குள் இருக்கட்டும் என்பார்கள், வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் வேறு எண் சொல்லியிருக்கலாம்.

எனக்கு ஒரு ஞாயிறு சாப்பிடும் முன் 118, பிறகு 236. சாம்பார், ரசம், தயிர் என்று மூன்று தடவை சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். அடுத்த ஞாயிறு முதலில் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, எழுந்ததும் மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடந்தேன். 121லிருந்து 172. அதே வீடு, அதே அரிசி, அதே மாத்திரை. காயும் முட்டையும் முன்னால் போனால் சோறு செரித்துச் சர்க்கரையாகி ரத்தத்தில் சேரும் வேகம் குறைகிறது, நடக்கும்போது தசை கொஞ்சம் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இதை யூடியூபில் நூறு பேர் சொல்லியும் நான் காதில் வாங்கவில்லை. என் விரலில் வந்த எண் சொன்னதும் கேட்டேன்.

இதே மாதிரி உங்கள் வீட்டு நம்பிக்கைகளையும் சோதித்துப் பாருங்கள். "ராத்திரி சப்பாத்திதான்" என்று நாலு சப்பாத்தி, "கேழ்வரகுதானே" என்று ஒரு சொம்பு கஞ்சி, "நாட்டுச்சர்க்கரை ஒண்ணும் பண்ணாது" என்று காபி. நாடு முழுக்கச் சர்க்கரை நோயை ஆராயும் ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வுக்குழு 2025ல் வெளியிட்ட கட்டுரையில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் வரும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறார்கள். பிரியாணி, பரோட்டா இன்னொரு ரகம். எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்தால் ஏற்றம் தாமதமாக வரும், இரண்டு மணி நேரத்தில் நல்ல பிள்ளையாக 160 காட்டிவிட்டு மூன்றாவது மணி நேரத்தில் வேலையைக் காட்டும்.

குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்தால் மீட்டர் மாம்பழத்தையும் சேர்த்துத்தான் அளக்கும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். அப்புறம், 172க்கும் 180க்கும் உள்ள வித்தியாசத்துக்காக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நல்ல மீட்டருக்கே 15 சதவீதம் முன்னே பின்னே போக அனுமதி உண்டு. பார்க்க வேண்டியது 60 ஏறியதா 120 ஏறியதா என்பதைத்தான்.

இன்சுலின் போடாத டைப் 2காரர்கள் தினமும் விரலைக் குத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்ட்ரிப்பே ஏறக்குறைய 20 ரூபாய், சும்மா குத்தி எண்ணைப் பார்த்துப் பயந்து என்ன பயன்? சாப்பாட்டையோ மாத்திரையையோ மாற்றும்போது ஒரு வாரம் ஒழுங்காக எடுத்தால் போதும். இன்சுலின், கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கிவிடக்கூடிய மருந்து எடுப்பவர்கள் கதை வேறு. வியர்த்து, கை நடுங்கினால் மணி பார்க்காமல் உடனே எடுக்க வேண்டும், 70க்குக் கீழே என்றால் முதலில் குளுக்கோஸ்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது அவசியம், ஆனால் அது சராசரிதான். எந்த வேளை ஏறியது என்று அதில் தெரியாது. ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணே தப்பாகக் காட்டலாம், நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஒரு வாரத்து எண்களை, என்ன சாப்பிட்டேன் என்பதோடு ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். காலை எண்களைத் தாண்டிப் போய் மதியத்தில் விரலை வைத்தார். மாத்திரையைக் கூட்டவில்லை. "இந்த வறுவலை மட்டும் நிறுத்திட்டு இன்னொரு வாரம் எடுத்துட்டு வாங்க" என்றார்.