பட்டியல் கையில் இருந்தாலும் பயன்படாது
அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கு நியூயார்க் மாநில சட்டமன்றக் கீழவைத் தேர்தலில் நிற்பது எளிது என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. அங்கே அவர் பார்த்தது சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், விசா, முன்னாள் படைவீரர் மனுக்கள். மாநிலத் தொகுதியில் கேட்கப்போவது வாடகை, பள்ளி நிதி, ஓட்டுநர் உரிமம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் உள்ள தொகுதி மக்களின் முகவரிப் பட்டியலே போதும் என்கிறார். அதைப் பிரசாரத்துக்குத் தொடவே கூடாது, அது அரசுச் சொத்து. உண்மையான சோதனை வேட்புமனுக் கையெழுத்தில்தான். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல் வாக்குச்சீட்டில் பெயர் வர, தொகுதியில் அதே கட்சியில் பதிவான வாக்காளர்களில் 5 சதவீதம் அல்லது 500 பேர், எது குறைவோ அத்தனை கையெழுத்து வேண்டும். வேறு கட்சிக்காரர் போட்டாலும், அதே பதவிக்கு இன்னொருவர் மனுவில் முன்பே போட்டிருந்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. தாளின் அடியில், கையெழுத்து வாங்கியவர் சாட்சியாகத் தரும் உறுதிமொழியில் தேதியை அடித்துத் திருத்திவிட்டுச் சுருக்கொப்பம் இடாமல் விட்டால் முழுத் தாளுமே செல்லாமல் போகலாம். எதிரணி வழக்கறிஞர்கள் இதற்காகவே காத்திருப்பார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு, மூன்று மடங்கு சேர்க்கிறார்கள். வாஷிங்டனில் சட்ட வரைவு எழுதிய அனுபவம் இதில் எதற்கும் உதவாது. காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதிக் கிளை அலுவலகத்தில் இருந்தவரென்றால் கொஞ்சம் தேறுவார்.