வெட்டுப்புள்ளி இன்னும் இறங்கும், அவசரப்படாதீர்கள்

இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியான அன்றிரவே மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் இழவு வீடு மாதிரி ஆகிவிடுகிறது. "பேராதனைப் பொறியியலுக்கே இவ்வளவா? அப்ப நமக்கு இல்ல" என்று முடிவு கட்டி, அடுத்த வாரமே பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் ஆத்திரம். வெட்டுப்புள்ளி யாரோ முன்கூட்டியே போட்டு வைத்த பாஸ் மார்க் இல்லை. அந்தப் பாடநெறிக்கு உங்கள் மாவட்டத்திலிருந்து கடைசியாக எடுபட்ட பிள்ளையின் இசட் புள்ளி (மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உயர்தரப் புள்ளி), அவ்வளவுதான். அந்தக் கடைசி ஆள் மாறினால் புள்ளியும் மாறும்.

மாறத்தான் செய்கிறது. எடுபட்ட எல்லோரும் பதிவு செய்வதில்லை. சிலர் வெளிநாடு போகிறார்கள், சிலருக்குத் தனியார் கம்பஸ், சிலர் திரும்பவும் பரீட்சை எழுதுகிறார்கள். அப்புறம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெற்றிடங்களை நிரப்பும். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலில் ஓர் இடம் காலியானால், விருப்ப வரிசையில் அதை முன்னால் எழுதியிருந்த பேராதனைப் பிள்ளை அங்கே போகலாம், பேராதனை இடத்துக்கு றுகுணையிலிருந்து ஒருவர் வரலாம். இப்படியே நகர்ந்து, கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஓர் இடம் மிஞ்சும். முதல் பட்டியலில் கொஞ்சத்தில் தவறிய பிள்ளைக்கு உரிய இடம் அது.

கோத்தகிரியில் குடியேறிய நம் சொந்தக்காரர்களின் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்துக்கு 100, பௌதிகவியலுக்கு 50, இரசாயனவியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டு, சுற்றுச் சுற்றாகக் கவுன்சலிங் நடத்துகிறார்கள். தன் சுற்று வரும்போது மிச்சமிருக்கும் கல்லூரிகளைப் பார்த்து விருப்பம் போடலாம். இங்கே வெட்டுப்புள்ளி வருவதற்கு முன்பே விண்ணப்பத்தில் எழுதிய வரிசைதான் கடைசிவரை பேசும். எழுதாத பாடநெறியில் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் கூப்பிட மாட்டார்கள். போன வருடப் புள்ளியைப் பார்த்துப் பயந்து மொரட்டுவையையும் பேராதனையையும் விட்டுவிடும் பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. இசட் புள்ளி அந்தந்த வருடத்துச் சராசரியையும் பரவலையும் வைத்து வருவது. போன வருடத்து எண் இந்த வருடத்துக்கு ஒரு குறிப்பு மட்டும்தான். ஆசைப்பட்டதை மேலே எழுதுவதால் கீழே எழுதியது பறிபோகாது.

இன்னொரு விசயம் இதைவிடக் கசப்பானது. நாட்டளவில் திறமைக்கு 40 வீதம், சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று இடங்கள் பிரிகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16க்குள் உண்டு, கண்டியும் மாத்தளையும் இல்லை. ஆனால் நம் தோட்டப்புறப் பாடசாலைகளில் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் சாதாரண தரம் முடித்த பிள்ளை கண்டிக்குப் போய் உயர்தரம் படிக்கிறது. மாவட்டத்தை முடிவு செய்வது கடைசி வருடங்களில் படித்த இடம். ஆக, ஆசிரியரைத் தேடிப் போன பிள்ளை கண்டிப் பிள்ளைகளோடு கண்டி வெட்டுப்புள்ளிக்குப் போட்டி போட வேண்டும். கோட்டா எங்களுக்கு, வாத்தியார் வேறு மாவட்டத்துக்கு! இதைக் கேட்க வேண்டியவர்கள் தேர்தல் மேடையில் "மலையகத்துக்குப் பல்கலைக்கழகம்" என்று முழங்கிவிட்டுப் போகிறார்கள். முதலில் கணக்கு டீச்சரைத் தாருங்கள் ஐயா.

வெற்றிட அறிவித்தல் வரும்போது பதிவுக்குக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். லயத்து (தோட்ட வரிசை வீட்டு) முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீஸில் கிடந்து ஊறுவது நமக்குப் புதிதில்லை. விண்ணப்பத்தில் கொடுத்த போன் நம்பர் அண்ணனுடையதாக இருக்கும், அண்ணன் சிம்மை மாற்றியிருப்பான். ஈமெயில் கொமியூனிகேஷன் கடைக்காரத் தம்பி உருவாக்கியது, பாஸ்வேர்ட் அவருக்கும் ஞாபகமில்லை. இந்த வருடம் தவறிய பிள்ளைகள் இருந்தால் அந்த நம்பரையும் ஈமெயிலையும் இன்றைக்கே சரிபார்த்து வையுங்கள். வேலைக்குப் போவதென்றால் தாராளமாகப் போகட்டும், ஆனால் வெற்றிடம் நிரப்பி முடியும்வரை வாரத்துக்கு ஒரு தடவையாவது ஆணைக்குழுவின் இணையத்தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.