பெயர் ஒன்று, வேலை வேறு

கணினிச் சொற்களை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சொல்வது முற்றிலும் சரி. திரையின் பின்னால் போடும் படத்தில் பெரிய சிக்கல் இல்லை. விண்டோஸில் வால்பேப்பர், பேக்ரவுண்ட் என்று மாறி மாறி வந்தது. ஆப்பிளின் மேக் கணினியில் வெகுகாலம் டெஸ்க்டாப் பிக்சர். 2022-இல் வந்த வென்ச்சுரா என்ற மேக் இயங்குதளப் பதிப்பில் வால்பேப்பர் ஆனது. தமிழில் சுவர்த்தாள் என்பதைவிடப் பின்னணிப் படம் என்பதே எனக்குப் பிடிக்கும். நம் வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும்தானே, தாளை எங்கே ஒட்டினோம்?

விசைகளில்தான் உண்மையான தொல்லை. போன மாதம் சித்திக்கு போனில் சொல்லிக்கொடுத்தேன். "பேக்ஸ்பேஸை அழுத்துங்க சித்தி" என்றால், "அப்படி ஒண்ணு இதுல இல்லையேப்பா" என்கிறார். அவரிடம் இருப்பது மேக் மடிக்கணினி. பேக்ஸ்பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதில் டெலீட் என்று போட்டிருக்கும். அது கர்சருக்கு இடப்பக்க எழுத்தை அழிக்கும். விண்டோஸ் டெலீட்டோ வலப்பக்க எழுத்தை அழிக்கும். அந்த வேலை மேக் மடிக்கணினியில் நடக்க எஃப்என் (fn) விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். புதிதாகக் கற்பவர் இதில் குழம்பாமல் என்ன செய்வார்?

என்டர் விசைக்கு மேக்கில் இருக்கும் ரிட்டர்ன் என்ற பெயருக்காவது காரணம் உண்டு. தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் தாளைத் தாங்கி நகரும் கேரியேஜ் என்ற பகுதியைத் தொடக்கத்துக்குத் தள்ளுவோமே, அதிலிருந்து வந்தது. அழிக்கும் விசைகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் ஆங்கிலப் பெயரைப் பார்க்காமல், இடப்பக்கம் அழிப்பதற்கு 'முன்னெழுத்து அழி', வலப்பக்கம் அழிப்பதற்கு 'பின்னெழுத்து அழி' என்று வேலையைப் பார்த்து வைக்கட்டும்.