ரேகை மட்டும் கேக்காத தாயி

போன வருஷம் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊருக்குக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்குக் கேள்வித்தாள் நிரப்பும் வேலை. படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாளைக்கு எட்டு வீடு முடித்தால்தான் கட்டுப்படியாகும்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிவிட்டு ஸ்டாம்ப் பேடைத் திறந்தேன். சட்டென்று கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்றேன். ரேகை மட்டும் கேக்காத தாயி."

மருமகள்தான் சமாதானம் சொல்லி வைக்கச் சொன்னார். பெருவிரலை அழுத்திவிட்டு, ஒட்டிய மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே அப்பத்தா கேட்டார்: "பணம் எப்ப வரும்?" மகளிர் உரிமைத் தொகைக்கு எழுதிக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருக்கிறார். 'இதனால் எனக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை என்பதை அறிவேன்' என்ற வரியை அப்போதுதான் வாசித்துக் காட்டியிருந்தேன். அந்த வரிக்குக் கீழேதான் அவருடைய ரேகை இருக்கிறது.

அது ஒப்புதலே இல்லை. அன்றைக்கே அந்தப் படிவத்தைக் கிழித்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எம்.ஏ. சமூகவியலில் ஆய்வு அறம் எங்களுக்கும் ஒரு பாடம்தான். லாட் ஹம்ப்ரீஸ் என்ற சமூகவியலாளர் 1960களில் அமெரிக்காவில் பொதுக் கழிப்பறைகளுக்கு வந்த ஆண்களின் கார் எண்களைக் குறித்து, முகவரி கண்டுபிடித்து, ஒரு வருடம் கழித்து வேறு கணக்கெடுப்பு என்று சொல்லி அவர்கள் வீட்டுக்கே போனார். இதைப் படித்து, இது தப்பு என்று தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கினேன். களத்துக்கு வந்த முதல் நாள் மேற்பார்வையாளர் சொன்னது: "கவர்ன்மென்ட் சர்வேன்னு சொல்லும்மா, கதவைத் தொறப்பாங்க." இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தப் பாடத்தில் பெருங்காமநல்லூர் என்ற பெயரே வரவில்லை. வெள்ளைக்காரர்கள் சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்தப் பக்கத்து மக்கள் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பிறமலைக் கள்ளர் வீட்டு ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் வெளியே போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். பதிய மாட்டோம் என்று நின்ற ஊர் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில், ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல்தான். அந்த ஊர்களில் போய், தாளை நீட்டி, 'இதில் ஒரு ரேகை வையுங்கள், இது உங்கள் பாதுகாப்புக்குத்தான்' என்கிறோம். அப்பத்தா கையை இழுத்துக்கொண்டதற்கு வேறு விளக்கம் எனக்கு வேண்டியதில்லை.

ரேகை இல்லாமல் ஒப்புதல் வாங்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டு, சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் குறித்துக்கொள்ளலாம். முதல் நாள் சும்மா போய், யார், எதற்கு வந்தோம், என்ன கிடைக்காது என்று பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு, மறுநாள் போய்க் கேட்கலாம். அப்படிச் செய்தால் நாளைக்கு மூன்று வீடுதான் ஆகும். அதற்குப் பணம் ஒதுக்காத திட்டத்தில், ஆய்வு முறையாக நடக்குமா என்று பார்த்து அனுமதி தரும் அறக்குழு போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? எட்டு வீடு என்று பேசும்போதே நாங்கள் பொய் சொல்லப்போகிறோம் என்பது முடிவாகிவிடுகிறது.

அப்புறம், புருஷன் அடிக்கிறானா என்ற கேள்வி. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம்தான் இதைக் கேட்பார்கள், அதுவும் தனியாக. தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். ஒற்றை அறை வீட்டில், மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருக்க, இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். 'இல்லை' என்று பதில் வந்தது. கணினியில் அது ஒரு 'இல்லை'யாக ஏறிவிட்டது. அறம் தவறினால் தகவலும் பொய்யாகிறது என்பதை எனக்குக் காட்டியது அந்த ஒற்றைச் சொல்தான்.

பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்வு செய்தது 1949-50இல். புத்தகம் 1957இல் பிரெஞ்சில் வந்தது, ஆங்கிலத்தில் 1986இல். அவரிடம் பேசியவர்களில் எத்தனை பேர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்! எங்கள் திட்டத்தின் அறிக்கையும் ஆங்கிலத்தில்தான் முடிந்தது. அந்த ஊருக்கு ஒரு தாள்கூடப் போகவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். நாங்கள் என்ன கண்டுபிடித்தோம் என்பதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், ஊர்ப் பொது மந்தையில் உட்கார்ந்து வாசிக்கலாம் என்று. அதற்கு முன்னால் அப்பத்தா வீட்டுக்குப் போய், அந்தப் பணம் வராது என்று நேரில் சொல்ல வேண்டும்.