ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு: தரவை மாற்றினால் மட்டும் போதாது

"ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களும் எஸ்.க்யூ.எல். என்ற வினவல் மொழியில் இயங்குபவைதானே, தரவை ஏற்றுமதி செய்து போஸ்ட்கிரெஸில் ஏற்றினால் வேலை முடிந்தது" என்று நினைப்பது தவறு. அட்டவணைகள் பெரும்பாலும் சிரமமின்றி வந்துவிடும்; ஆபத்து வினவல்களில் (தரவைக் கேட்டு எடுக்கும் கட்டளைகளில்) இருக்கிறது. ஆரக்கிள் வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத உரையை) மதிப்பில்லாத ‘நல்’ நிலையாகவே கருதும்; போஸ்ட்கிரெஸ் இரண்டையும் பிரித்தே பார்க்கும். முதல், நடு, கடைசிப் பெயர்களை || குறியால் இணைக்கிறீர்கள், நடுப்பெயர் ‘நல்’ என்று வையுங்கள்: ஆரக்கிளில் மற்ற இரண்டும் கிடைக்கும், போஸ்ட்கிரெஸில் முழுப்பெயரே ‘நல்’ ஆகிவிடும். பிழைச்செய்தி வராது என்பதுதான் கொடுமை. ஆரக்கிளின் ‘டேட்’ (தேதி) தரவு வகையில் நேரமும் உண்டு. போஸ்ட்கிரெஸில் அதற்கு ‘டைம்ஸ்டாம்ப்’ வகை வேண்டும். ஆரக்கிளின் நிரல் மொழியான பி.எல்./எஸ்.க்யூ.எல்.-இல் நிரல்களைத் தொகுத்து வைக்கும் பேக்கேஜ்களுக்குப் போஸ்ட்கிரெஸில் நேரடி இணையும் இல்லை. மாறுவது நல்ல முடிவுதான், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் இரு அமைப்புகளிலும் ஒரே அறிக்கைகளை எடுத்து ஒப்பிடாமல் பழையதை நிறுத்திவிடாதீர்கள்.