கிரெடிட் வேலைக்கா, பிளைட் டிக்கெட்டுக்கா?

வெள்ளிக்கிழமை கல்லூரி மேடையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், கூடவே கைதட்டும் படம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்போடியாவில் 14 நாள் இருந்துவிட்டு வந்த பையனுக்குப் பொன்னாடை, இன்டர்ன்ஷிப் கணக்கில், டிகிரிக்குச் சேரும் 2 கிரெடிட். அதே வகுப்பில் படிக்கிற பெண் நீட்டிய நோட்டை மட்டும், "இது சமூக சேவைம்மா, இன்டர்ன்ஷிப் இல்லை" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பையன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் இதைத்தான் பிடித்துக்கொள்வீர்கள். நல்ல பையன். கம்போடியாவுக்கு அனுப்பும் ஏஜென்ட் சொன்னதை நம்பி அவன் அப்பா தோப்புக் குத்தகைப் பணத்தை எடுத்துக் கட்டினார். என் கேள்வி கல்லூரிக்கு மட்டும்தான். கிரெடிட் எதற்குக் கொடுக்கிறீர்கள்? செய்த வேலைக்கா, பிளைட் டிக்கெட்டுக்கா?

கிரெடிட் என்பது மணிக்கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பிலேயே இருக்கிறது: இன்டர்ன்ஷிப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரம். 2 கிரெடிட்டுக்கு 60 மணி நேரம். அந்தப் பையனிடம் நானே உட்கார்ந்து கேட்டேன், மறைக்காமல் சொன்னான். போக வர 2 நாள், அங்கோர்வாட்டும் ஊர் சுற்றியதும் 4 நாள். மிச்சம் 8 நாளும் காலையில் இரண்டு மணி நேரம் ஓர் அநாதை இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு. மொத்தம் 16 மணி நேரம். யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை, யாரும் எதையும் சொல்லித்தரவில்லை, அவனுக்குக் கெமர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பணம் கட்டி வருகிறவர்களுக்குக் காட்டப் பிள்ளைகள் வேண்டும், அதனால் சில இல்லங்கள் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவருகின்றன. இதைக் கல்லூரி விசாரித்திருக்க வேண்டாமா? 19 வயதுப் பையனா விசாரிப்பான்?

இப்போது அந்த நோட்டு. படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற பஞ்சாயத்து பாலியேட்டிவ் வண்டியில், சனிக்கிழமை தவறாமல் காலை எட்டு மணிக்கு அந்தப் பெண் ஏறிவிடுவாள். 23 சனிக்கிழமை, ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம், 115 மணி நேரம். ஒவ்வொரு பக்கத்திலும் நர்ஸின் கையெழுத்து. எந்த வீடு, யாருக்குப் படுக்கைப் புண் கட்டு மாற்றினார்கள், யாருக்கு மூத்திரக் குழாய் மாற்றினார்கள், இவள் என்ன செய்தாள், எல்லாம் எழுதியிருக்கிறாள். நர்ஸ் கோட்டயம் பக்கம், தமிழ் அவ்வளவாக வராது. கேரளாவில், பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் கிடையில் கிடக்கிற வயசானவர்களில் பாதிப் பேருக்கு மலையாளத்தில் வலியைச் சொல்ல வராது. "சுருக்கு சுருக்குனு இழுக்குது கண்ணு" என்று ஒரு பாட்டி சொன்னால், அதை நர்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்ல அந்த வண்டியில் இருந்தது இவள் ஒருத்திதான்.

எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள், கடைசி நாலு மாதம் அந்த வண்டிக்காகத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

"உனக்கு வெளிநாடு என்றாலே பொறாமை" என்பீர்கள். நான் போனவன். 2011-ல், கோவையில் படிக்கும்போது, ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பத்து வாரம். டிக்கெட்டுக்கு அம்மா வளையலை அடகு வைத்தாள், ஆனால் தங்கச் சாப்பிட அவர்களே உதவித்தொகை கொடுத்தார்கள். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி நடத்தும் வைஸ் என்ற பயிற்சித் திட்டமும், கனடாவின் மிடாக்ஸ் குளோபலிங்க் என்ற 12 வாரப் பயிற்சியும் அப்படித்தான், மாணவனுக்கு அவர்கள் பணம் தருகிறார்கள், மாணவனிடம் வாங்குவதில்லை. நான் கிளம்பும் முன்பே அங்கிருந்து ஒரு படிவம் வந்தது. என்ன கற்கப் போகிறேன், யார் மேற்பார்வை, எத்தனை மணி நேரம், ஊரில் எத்தனை கிரெடிட். மாணவன், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் இடம் என்று மூன்று கையெழுத்து. ஐரோப்பாவில் மாணவர்கள் நாடு விட்டு நாடு போக இப்படித்தான் ஒப்பந்தம் போடுகிறார்கள், ஒரு வருடப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேரம் என்று கணக்கு.

அந்தப் படிவத்தை எங்கள் துறைத்தலைவரிடம் நீட்டினேன். "இதில் நான் எதற்குக் கையெழுத்துப் போடணும்?" என்றார். திரும்பி வந்தபோது வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே. தினமும் ஒன்பது மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்தவன், பரீட்சை எழுத, வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கண்டோனேஷன் ஃபீஸ் கட்டி, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மன்னிப்பு! எதற்கு என்று இன்று வரை தெரியவில்லை.

அதனால் வெளிநாடு போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். போங்கள். மேற்பார்வை இருக்கிற, மணி நேரக் கணக்கு இருக்கிற இடத்துக்குப் போங்கள், கல்லூரி கிளம்பும் முன்பே எழுதிக் கொடுக்கட்டும். "உலக அனுபவம் முக்கியம்தானே?" சரி, முக்கியம்தான், அதற்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது, மார்க் பட்டியல் எதற்கு?

"விதியில் இல்லை, பாலியேட்டிவ் யூனிட் எங்கள் பட்டியலில் இல்லை" என்று ஓர் ஆசிரியர் எனக்கு மெசேஜ் அனுப்பினார். இதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம். கம்போடிய ஏஜென்சி மட்டும் எப்போது பட்டியலில் ஏறியது? வலி நிவாரணப் பராமரிப்புக்கென்று 2008-லேயே கொள்கை கொண்டுவந்த மாநிலம் இது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் கோழிக்கோட்டுக்கு வந்து இதைக் கற்றுக்கொண்டு போகிறார்கள். இங்கேயே பிறந்த பெண் செய்தால் அது சேவை, கற்றல் கிடையாதா? நாலு வருட டிகிரி 2024-ல் வந்தபோது, இனி வகுப்புக்கு வெளியே கற்பதற்கும் மதிப்பு உண்டு என்று நமக்குச் சொன்னது கல்லூரிக்காரர்களான நீங்கள்தானே?

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அவள் ஏழை என்பது மட்டும் காரணம் இல்லை. கோவைக்குப் போனால் நாங்கள் கேரளாக்காரர்கள், பாலக்காட்டில் ஓர் அலுவலகத்தில் நின்றால் 'பாண்டிக்காரர்கள்', தமிழர்களை இளக்காரமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பாட்டிகளின் வலியை மொழிபெயர்ப்பது ஒரு திறமை என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் மிகைப்படுத்துகிறேன் என்றால் சொல்லுங்கள். அந்த நோட்டைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நோட்டோடு முதல்வரைப் பார்க்கப் போகிறோம். நர்ஸ் அக்கா லீவு போட்டு வருகிறேன் என்றிருக்கிறார். கூட வருகிறவர்கள் ஒன்பது மணிக்கு கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள்.