பேட்டரி இல்லாத கேமராவும் குளிரும்

மூணாறிலிருந்து லடாக் செல்லும் நண்பர்களுக்காக இங்கே சொல்லப்பட்ட கருத்து இது: முழு மெக்கானிக்கல் ஃபிலிம் கேமராவில் பேட்டரி இல்லாததால் கடுங்குளிர் அதைப் பாதிக்காது, 1953இல் ஹிலாரி எவரெஸ்ட் உச்சியில் எடுத்த படமே சான்று.

அன்புடன் மறுக்கிறேன். பேட்டரி இல்லைதான், ஆனால் ஷட்டரின் (ஃபிலிமில் ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரை) பற்சக்கரங்களில் எண்ணெயும் கிரீஸும் இருக்கின்றன. உறைநிலைக்கு வெகு கீழே அவை தேங்காய் எண்ணெய்போல இறுகும். பல ஆண்டுகளாகச் சர்வீஸ் பார்க்காத கேமராவில் பழைய கிரீஸ் ஏற்கெனவே பிசுபிசுத்திருக்கும். ஷட்டர் மெதுவாகும், சில நேரம் பாதியில் நின்றுவிடும். ஹிலாரியும் தம் கேமராவைச் சட்டைக்குள் வைத்து, உடல் சூட்டிலேயே மேலே கொண்டுபோனார்.

நீங்களே சோதிக்கலாம். ஃபிலிம் இல்லாத கேமராவை ஒரு நொடி வேகத்தில் வைத்து இயக்கி, ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, ஃப்ரீசரில் (சுமார் மைனஸ் 18 டிகிரி) சில மணி நேரம் வையுங்கள். பையைப் பிரிக்காமலே மீண்டும் இயக்கிப் பதிவு செய்து, இரண்டு ஒலிகளின் நீளத்தையும் ஒப்பிடுங்கள்; குளிரில் பதிவானது நீண்டிருந்தால் ஷட்டர் மெதுவாகியிருக்கிறது. கேமரா அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்க வேண்டாம்; உள்ளே நீர் கோத்துவிடும். மூணாறின் ஜனவரி உறைபனியில் சரியாக ஓடியது என்பது அதைவிட வெகு குளிரான லடாக்குக்குப் போதுமான சோதனை ஆகாது.